மேட்டில் மட்டும் ஒழுகிய எண்ணெய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நானே ஒத்துக்கொள்கிறேன், இன்னொருத்தர் வந்து சொல்ல வேண்டாம். முப்பத்து நாலாம் வருஷம் ஆயுத பூஜை முடிந்து தீபாவளி வருவதற்குள் அந்த வாயால் ஒரு மனுஷனின் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தேன். கெடவில்லை. அந்த நிம்மதியில்தான் இதைச் சொல்ல முடிகிறது.

என் பெயர் பவுனம்மாள். என் வீட்டுக்காரர் நாகையா மலாயாவில், கிள்ளான் பஸ் கம்பெனியில் டிரைவர். பத்து தீகா, சுங்கை வே வழியாகக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் ஒரு நாளைக்கு மூன்று நடை போய் வருவார். பஸ் கொட்டகைக்குப் பின்னால் கம்பெனி கட்டிக்கொடுத்த பலகை வீடுகள் நான்கு. அதில் ஒன்று எங்களுக்கு, பக்கத்து வீடு மெக்கானிக் லியனார்டுக்கு. அவன் மனைவி ஜோசஃபின் என்னைவிட எட்டு வயது சின்னவள். உப்பு, புளி எல்லாம் வேலிக்கு மேலேயே கை மாறும். அவள் பிள்ளைக்குத் தொட்டில் கட்டியதே நான்தான்.

ஏழாம் நம்பர் பஸ் என் வீட்டுக்காரருடையது. கம்பெனிதான் அதன் சொந்தக்காரன் என்றாலும் எங்கள் வாயில் அது எப்போதும் 'நம்ம பஸ்'தான். அவர் ஓட்டுவார், நான் கழுவுவேன். மற்ற டிரைவர்களின் பெண்டாட்டிகள் யாரும் பஸ் பக்கமே வரமாட்டார்கள். எனக்கு அது முடியாது. மூக்குத்தியைத் துடைக்கிற மாதிரி விளக்கைத் துடைத்து வைப்பேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் லியனார்ட் ஏழாம் நம்பரின் அடியில் படுத்து எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிக் கழுவினான். தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே புது கேஸ்கெட் வைத்து முடுக்கினான். தக்கையில் வெட்டிய வளையம் அது, எண்ணெய் கசியாமல் இருப்பதற்கு. மறுநாள் நான் பூஜை போட்டேன். வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பஸ்ஸுக்கு உள்ளும் புறமும் சந்தனம், குங்குமம். லியனார்ட் கும்பிட வரவில்லை, அவன் மாதா கோவிலுக்குப் போகிறவன். பொரிகடலை மட்டும் இரண்டு கை நிறைய வாங்கிக்கொண்டு போனான்.

அதற்கு மறுநாள் சாயங்காலம் பஸ் வந்து நின்றதும் அடியில் கறுப்பாக எண்ணெய் சொட்டியது.

முதலில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டாம் நாளும் சொட்டியது. நாலாம் நாள் என் வீட்டுக்காரர் பாதி வழியில் நிறுத்தி ஒரு டின் எண்ணெய் ஊற்ற வேண்டியதாயிற்று. லியனார்ட் தொட்டியைத் திரும்பக் கழற்றி வேறு கேஸ்கெட் வைத்தான். ஒழுக்கு நிற்கவில்லை. மூன்றாவது கேஸ்கெட்டும் வைத்தான். அப்போதும் அதே கதை. இதில் வேடிக்கை என்னவென்றால், கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டு அவன் அடியில் படுத்துப் பார்த்தால் ஒரு சொட்டு விழாது. கோலாலம்பூர் போய்வந்தால் அடி முழுக்க நனைந்திருக்கும். போகிற வேகத்தில் காற்று எண்ணெயைப் பின்னால் அடித்துப் பூசிவிடுவதால் எங்கே புறப்படுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வாரம் கிராணி கார்த்திகேசு ஐயா கொட்டகைக்கு வந்தார். கம்பெனியின் கணக்கு வழக்கு, புகார், விசாரணை எல்லாம் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். எண்ணெய் போகிற வேகத்தைப் பார்த்துச் சீன முதலாளி தவுக்கே கோபமாக இருக்கிறாராம்.

"நாகையா, உம்மட கையில இருக்கிற வண்டி. நீர் கவனிக்கேல்லையோ எண்டு தவுக்கே கேக்கிறார்," என்றார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் அப்படித்தான். ஊமைச் சாமி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் வாளியைத் தொப்பென்று வைத்துவிட்டு நடுவே போனேன்.

"கிராணி ஐயா, இவர் கவனிக்கலன்னு எப்படிச் சொல்லலாம்? லியனார்ட் கை வச்ச நாள்லேருந்துதான் ஒழுகுது. அதுக்கு முன்னாடி ஒரு சொட்டு விழுந்துச்சான்னு கேளுங்க. மூணு கேஸ்கெட்டு மாத்தியாச்சு, மூணும் ஒழுகுது. வேலை தெரிஞ்சவன் பண்ற வேலையா இது?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"பூஜை போட்டப்ப கும்பிடக்கூட வரல, அப்புறம் எப்படி வெளங்கும்?" என்று வேறு சொன்னேன்.

சொல்லும்போதே லியனார்ட் எட்டாம் நம்பர் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்தேன். கையிலிருந்த துணியால் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

மூன்று நாளில் தவுக்கேயின் முடிவு வந்தது. வருகிற சனிக்கிழமைக்குள் ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, சரிசெய்து, கம்பெனிப் புத்தகத்தில் காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் லியனார்ட் வேலைக்கு வர வேண்டாம். வேலை போனால் வீடும் போகும்.

என் வீட்டுக்காரர் தப்பித்தார் என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்வானேன். மறுநாள் காலையில் வேலிப் பக்கம் போனேன். ஜோசஃபின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நல்ல பீங்கான் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு வந்த தட்டுகள். நான் "ஜோசஃபினு" என்று கூப்பிட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு திறக்குமா என்று கொஞ்சம் நின்றேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குரல், 'நான் என்ன இல்லாததையா சொன்னேன்?' என்று முறைத்துக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஏழாம் நம்பரை ஓட்டாமல் நிறுத்திவைத்தார்கள். காலையில் லியனார்ட் என் வீட்டு வாசலுக்கு வந்தான். இரண்டு வாரத்தில் ஆள் பாதியாகிப் போயிருந்தான்.

"அக்கா, தீபாவளிக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு ஊறப் போட்டிருக்கீங்கல்ல? கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

"எஞ்சினுக்கு."

இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவனே சொன்னான். எஞ்சினைச் சுத்தமாகத் துடைத்துச் சுண்ணாம்பு பூசிக் காயவைத்தால் வெளேரென்று ஆகிவிடும். கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்திப் பார்த்தால், எண்ணெய் புறப்படுகிற இடம் மட்டும் முதலில் கறுக்கும். காற்று எல்லாவற்றையும் பூசுவதற்குள் பார்த்துவிடலாம்.

புத்திசாலிதான் என்று மனசுக்குள் தோன்றியது. அதை வாயால் சொல்லவில்லை. ஒரு வாளி சுண்ணாம்பும் பூசுகிற மட்டையும் கொடுத்தேன்.

மத்தியானத்துக்குள் எஞ்சின் அடியும் பக்கமும் காய்ந்து வெள்ளையானது. அடுத்து லியனார்ட் ஒன்று சொன்னான். வெறும் பஸ்ஸாகப் போனால் பிரயோஜனம் இல்லை, பாரம் வேண்டும். அவன் கணக்கில் ஒழுக்கு மேடு ஏறும்போதுதான் வருகிறது. விறகுக்கட்டையும் மணல் மூட்டையும் ஏற்றினார்கள். நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"நீ எதுக்குடி?" என்றார் வீட்டுக்காரர்.

"பாரம் வேணும்னான்ல? நான் என்ன பஞ்சா?"

உண்மையில் நான் ஏறியது, என் வீட்டுக்காரர் மேல் பழியைத் திருப்பிவிடுவார்களோ என்ற சந்தேகத்தில். ஜோசஃபினும் பிள்ளையோடு வந்து ஏறினாள். அவளுக்கும் அதே சந்தேகம் என் மேல் இருந்திருக்கும். அவள் முன் பலகையில், நான் கடைசிப் பலகையில். நடுவில் விறகு. பிள்ளை மட்டும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன், அவளுக்குத் தெரியாமல்.

பத்து தீகா மேட்டில் பஸ் முக்கி முனகி ஏறியது. உச்சியில் ஓரமாக நிறுத்தியதும் லியனார்ட் சாக்கை விரித்து அடியில் புகுந்தான். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது அவன் முகம் சுண்ணாம்பைவிட வெளுத்திருந்தது.

"அண்ணே, ஒரு இடம் இல்ல, மூணு இடம். தொட்டிக்குப் பின்னால, பக்கத்து மூடியில, எஞ்சினுக்கு முன் பக்கம். மூணுலயும் ஒரே நேரத்துல கறுத்திருக்கு."

"மூணு இடத்துக் கேஸ்கெட்டும் ஒரேயடியா போகுமா லியனார்டு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"போகாது. உள்ளேருந்து என்னமோ தள்ளுது."

அவன் எஞ்சின் மூடியைத் தூக்கினான். எண்ணெய் ஊற்றுகிற குழாய்க்கு மேலே குல்லாய் மாதிரி ஒரு மூடி உண்டு. சூட்டோடு அதைத் துணியால் பிடித்துத் திருகினான். 'புஸ்' என்று காற்றும் புகையும் அவன் முகத்தில் அடித்தது. மூடியைப் பஸ் படியில், இறங்கி நின்ற என் கால் பக்கத்தில் வைத்துவிட்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ரிங் போயிருச்சு அண்ணே. பிஸ்டன் ரிங். மேல எரியுற காத்தெல்லாம் கீழ எறங்கி எண்ணெயத் தள்ளுது. எஞ்சினையே பிரிக்கணும். சித்திரையில அந்த ரிங்கைப் போட்டதும் நான்தான்."

"என்னங்க?" என்று ஜோசஃபின் பஸ்ஸுக்குள்ளிருந்து கேட்டாள்.

நான் அந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு எண்ணெய் அப்பிக்கிடந்தது. படியில் வைத்தபோது விளிம்பில் கொஞ்சம் தேய்ந்து, உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது. குனிந்து விரலால் தேய்த்தேன். இன்னும் மஞ்சள். அதன் மேல் ஒரு சிவப்புக் கறை.

அது என் சந்தனம்.

ஆயுத பூஜையன்று எஞ்சினுக்குப் பொட்டு வைக்க வந்தபோது, அத்தனை இரும்பில் தலை மாதிரி இருந்தது அந்தக் குல்லாய் மூடி ஒன்றுதான். சாமி முகத்துக்குப் போடுகிற மாதிரி அதற்குச் சந்தனக்காப்புப் போட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டை. ஓட்டையின் மேல் பொட்டு நிற்குமா? அதனால் முதலில் ஓட்டைகளை எல்லாம் விரலால் அழுத்தி அடைத்து, வழவழவென்று இழுத்துவிட்டு, அதற்குமேல் குங்குமம் வைத்தேன். வெடித்து உதிரக்கூடாது என்று சந்தனத்தில் அரிசிமாவுக் கஞ்சி வேறு கலந்திருந்தேன். நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, பாவி! மேலே பூசியது மழையிலும் புழுதியிலும் போய்விட்டது. ஓட்டைக்குள் போனது கல்லாகி, அதன் மேல் எண்ணெய் படிந்து கறுத்து, மூடியோடு மூடியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் தினமும் காலையில் அதைத் திருகித்தான் எண்ணெய் ஊற்றினார். லியனார்ட் எத்தனை தடவை கழற்றி மாட்டினானோ. தினமும் பார்க்கிற பொருளை யார் பார்க்கிறார்கள்?

எஞ்சினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் வருஷக்கணக்காக டிரைவர் பெண்டாட்டியாக இருக்கிறேன். சோற்றுப் பானையின் மூடியை மாவு வைத்து ஒட்டிவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா? 'புஸ்' என்ற சத்தத்தை இப்போதுதானே கேட்டேன்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி, கொண்டை ஊசியை உருவி, ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தேன். உதிர்ந்ததைப் புல்லில் தட்டினேன். மூடியைத் துணியால் துடைத்து, "இந்தாங்க, இதைப் போட்டு மூடுங்க, தூசி விழப்போகுது," என்று நீட்டினேன். ஒழுக்கும் நிற்கும், லியனார்டுக்கு வேலையும் நிற்கும், என் மானமும் நிற்கும். எல்லோருக்கும் நல்லதுதானே என்று கணக்குப் போட்டேன்.

"காலையில இன்னொரு தரம் சுண்ணாம்பு பூசி ஓட்டிப் பாருங்களேன். கண்ணுல பட்டதை வச்சு ரிங்கு கிங்குன்னு ஏன் பயப்படணும்?" என்றேன்.

"நீ பேசாம இருடி, உனக்கு என்ன தெரியும்?" என்றார் வீட்டுக்காரர். லியனார்ட் மட்டும், "பாப்போம்ண்ணே, இன்னொரு தரம் பாத்துரலாம்," என்றான். அவனுக்கும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் மறுபடி சுண்ணாம்பு, மறுபடி விறகு, மறுபடி பத்து தீகா மேடு. ஜோசஃபினும் வந்தாள். லியனார்ட் அடியில் புகுந்து கை வைத்துத் தடவிப் பார்த்தான். எஞ்சின் அடி முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு புள்ளி கறுப்பு இல்லை. என் வீட்டுக்காரர் ஊமைச் சாமி என்றேனே, அவர் தொப்பியைத் தூக்கி மேலே எறிந்து, "நின்னு போச்சு லா! டேய் லியனார்டு, நின்னு போச்சுடா!" என்று கத்தினார். எனக்கும் உயிர் வந்தது.

லியனார்ட் சிரிக்கவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியபோது கிராணி ஐயா நீளப் புத்தகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் ஒழுக்கு நின்ற கதையை ஒரே மூச்சில் சொன்னார். கிராணி ஐயாவுக்கும் சந்தோஷம்தான், அவருக்கு லியனார்டைப் பிடிக்கும். பேனாவைத் திறந்து நீட்டினார்.

"நல்லது தம்பி. என்ன பிழை, எப்படித் திருத்தினது எண்டு எழுதிக் கையெழுத்து வையும்."

லியனார்ட் பேனாவை வாங்கவில்லை.

"எனக்குக் காரணம் தெரியலங்க ஐயா."

"ஒழுக்கு நிண்டுட்டுதல்லோ?"

"நான் ஒண்ணுமே செய்யல. நான் செய்யாம நின்னது, நான் செய்யாமலே திரும்ப வரும். முப்பது பேர் ஏறுற வண்டி. மேட்டுல எண்ணெய் பூரா போயி எஞ்சின் இறுகி நின்னா, பின்னால உருண்டு வரும். சரி பண்ணிட்டேன்னு நான் எப்படி எழுதுவேன்?"

"டேய், பைத்தியமா? எழுதுடா!" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரியலன்னு எழுதுறேன் அண்ணே. அதுதான் உண்மை."

"அப்பிடி எழுதினால் தவுக்கே உம்மை வைச்சிருக்க மாட்டார். விளங்குதோ?" என்றார் கிராணி ஐயா.

"விளங்குதுங்க ஐயா."

ஜோசஃபின் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவனைத் திட்டவில்லை, அழவில்லை. பிள்ளையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. என்ன மனுஷன் இவன்! எழுதித் தொலைத்திருந்தால் என் கணக்கு சரியாகப் போயிருக்குமே!

"நான்தான்," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான் அடைச்சேன். அந்த மூடியில இருக்கிற ஓட்டையெல்லாம் சந்தனம் வச்சு அடைச்சேன், பூஜை அன்னிக்கு. நேத்து மேட்டுல பாத்தேன். கொண்டை ஊசியால குத்தி எடுத்துட்டேன். அதான் நின்னுச்சு."

என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். கிராணி ஐயா கண்ணாடியைக் கழற்றினார். லியனார்ட் என்னையே பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"வேணாங்கக்கா. எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! வாழ்நாளில் முதல் தடவையாக என் குற்றத்தை நானே ஒத்துக்கொள்கிறேன், நம்பமாட்டேன் என்கிறானே!

"பொய்யா? உனக்காக நான் ஏன்டா பொய் சொல்றேன்? துணி தோய்க்கிற சவுக்காரம் கொண்டா! நான் அடைச்ச மாதிரியே அடைக்கிறேன். ஓட்டிப் பாரு. ஒழுகலன்னா என்னைக் கேளு!"

அவனே சவுக்காரம் கொண்டுவந்தான். நான் ஓட்டை ஒன்றையும் விடாமல் அழுத்தி அடைத்தேன். மூடியைத் திருகினான். கிராணி ஐயாவும் புத்தகத்தோடு ஏறிக்கொண்டார், அவர் பஸ்ஸில் ஏறி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜோசஃபின் கூப்பிடாமலே வந்து ஏறினாள். வழி முழுக்க எனக்கு ஒரே வேண்டுதல்தான், 'முருகா, ஒழுக வை.' ஒழுகச் சொல்லி வேண்டிக்கொண்ட டிரைவர் பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மேட்டின் உச்சியில் பஸ் நின்றது. லியனார்ட் அடியில் புகுந்தான். நாங்கள் நால்வரும் ரோட்டில் குனிந்து நின்றோம். கிராணி ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் முழங்காலே போட்டுவிட்டார்.

"மூணு இடம்," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "அதே மூணு இடம். ஒழுகுது. ஒழுகுது அண்ணே!"

வெளியே வந்து மூடியைத் திருகினான். 'புஸ்' என்று அடித்தது. சவுக்காரத்தைக் குத்தி எடுத்து, ஈரத்தை எல்லாம் துடைத்து, மூடியை மாட்டி, கீழே போய் மறுபடி அதே மேட்டில் ஏற்றினார்கள். உச்சியில் மறுபடி பார்த்தான். ஒரு சொட்டு இல்லை.

"மூச்சு விடுற ஓட்டைங்க ஐயா அது," என்று கிராணி ஐயாவிடம் சொன்னான். "எஞ்சினுக்குள்ள சேர்ற காத்து அது வழியா வெளிய போகணும். அடைச்சா வேற வழியில்லாம எண்ணெயைத் தள்ளும். மேடு ஏறினா காத்து அதிகம். கேஸ்கெட்டு மேல தப்பில்ல. ரிங்கும் நல்லா இருக்கு. எல்லாம் நல்லா இருக்கு."

கிராணி ஐயா என்னைப் பார்த்தார். "சாமிக்குக் காப்புப் போடலாம் பிள்ளை. இது மூச்சு விடவேணும்," என்றார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரிக்காதவள் ஜோசஃபின். நேராக என் எதிரில் வந்து நின்றாள்.

"ரெண்டு வாரம் அக்கா. ரெண்டு வாரம் இவரு ராத்திரி தூங்கல. கும்பிட வரல, அதான் வெளங்கலன்னு சொன்னீங்களே. நேத்தே தெரிஞ்சும் இன்னிக்குக் காலைல வரைக்கும் வாயைத் திறக்கலையே. பெட்டி கட்டி வச்சுட்டு உக்காந்திருந்தோம் நாங்க. பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு எப்படிக்கா முடிஞ்சுது உங்களால?"

யார் என்ன சொன்னாலும் ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுக்கிறவள் நான். அன்றைக்கு அவள் சொன்ன ஒவ்வொன்றையும் நின்று வாங்கிக்கொண்டேன். "தப்புதான்டி," என்று மட்டும் சொன்னேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. ரோட்டில் போகிற மாட்டுவண்டிக்காரன் பார்க்கிறானே என்றுகூடத் தோன்றவில்லை.

லியனார்ட் பஸ் படியில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்ணாம்பும் எண்ணெயும் விரலிடுக்கெல்லாம் அப்பியிருந்தது.

"விடு ஜோசஃபின்," என்றான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான். "அக்கா, வேலை போயிருந்தா ஈயச் சுரங்கத்துல பம்பு ஓட்டவாவது போயிருப்பேன், அம்பாங் பக்கம். அது பெருசில்ல. எனக்கு என் கை மேலயே நம்பிக்கை போயிருச்சு. போன வாரம் எட்டாம் நம்பர்ல ஒரு நட்டை முடுக்கிட்டு, முடுக்கினேனா இல்லையான்னு ஏழு தரம் போய்ப் பாத்தேன். பன்னெண்டு வருஷமா செய்யுற வேலை. இனிமே ஸ்பேனரைத் தொடவே கூடாதுன்னு இருந்தேன்."

கிராணி ஐயா புத்தகத்தைப் பஸ் படியில் விரித்து, தானே எழுதத் தொடங்கினார். மூச்சுத் துளை அடைபட்டதால் எண்ணெய் ஒழுகியது, துளை சுத்தம் செய்யப்பட்டது. எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"ஆர் அடைச்சது எண்டு தவுக்கே கேப்பார்."

"என் பேரைப் போடுங்க ஐயா. நாகையா சம்சாரம் பவுனம்மாள்னு முழுசாப் போடுங்க," என்றேன். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

கிராணி ஐயா எழுதினார். புத்தகத்தை லியனார்ட் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார். அவன் கையை முதலில் சட்டையில் துடைத்தான். போதாதென்று ஜோசஃபினின் முந்தானையை இழுத்துத் துடைத்தான். வழக்கமாக அந்தப் புத்தகத்தில் ஒரு கோடும் சுழியும் போட்டுவிட்டு ஓடுகிறவன், அன்றைக்கு அவசரமே இல்லாமல், நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, லியனார்ட் அந்தோணிசாமி என்று முழுப் பெயரையும் எழுதினான்.